வெள்ளவத்தைக்கு வந்த தோட்டத்துக் கடிதங்கள்

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு ரோட்டைப் பார்த்த வீடு. மதிலை ஒட்டி, ஒருவர் பின் ஒருவராக மட்டும் போகக்கூடிய ஓர் ஒழுங்கை உள்ளே போகும். அதன் முடிவில் ஒரு தோட்டம். தோட்டம் என்றதும் மரமும் செடியும் என்று நினைத்துவிட வேண்டாம். முதுகோடு முதுகு ஒட்டிய இருபது சொச்சம் சின்ன வீடுகள், நடுவில் ஒரு பொதுக்குழாய், குழாயடியில் எந்த நேரமும் நாலு பேர். கொழும்பில் இதைத்தான் தோட்டம் என்கிறோம். அந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டுக்கும் சேர்த்து ஒரே இலக்கம்தான். அவர்களுக்கு இலக்கத்தின் பக்கத்தில் ஒரு சாய்வுக்கோடும் இன்னோர் எண்ணும் உண்டு. ஆனால் எந்த எண் எந்த வீடு என்பதில் அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கே சந்தேகம்.

அதனால் தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்கே வந்தன. முன்கதவுக்குப் பின்னால் ஒரு பிரம்புக்கூடை மாட்டியிருந்தோம். தபால்காரர் எங்கள் கேட்டுக்குள் கையை விட்டு எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போவார். நான் பிரித்து, எங்களுடையதை மேசையிலும் மற்றதைக் கூடையிலும் போடுவேன். பின்னேரம் வேலை விட்டு வருகிறவர்கள் கேட்டடியில் நின்று, "அங்கிள், எனக்கு ஏதும் இருக்கா?" என்று கேட்பார்கள். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கனடாவிலிருந்து என் மகள் சிரிப்பாள். அன்பாக எழுதுகிறவர்கள்தான் எழுதுவதில்லை. நீதிமன்றம், ஆஸ்பத்திரி, பரீட்சை, வேலை, பென்ஷன் எல்லாம் இன்றைக்கும் நீளக் கடித உறைக்குள்தான் வருகின்றன. தோட்டத்துச் சனம் அந்த நீள உறையைத் தானாக உடைக்காது. அதில் இருப்பது பெரும்பாலும் சிங்களம், சில வேளை ஆங்கிலம். நான் வாசித்துச் சொல்வேன். பதிலும் எழுதிக் கொடுப்பேன். படிவங்கள் நிரப்புவேன்.

இதை நான் உதவி என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவன் நான். அந்த முப்பது வருடமும் மற்றவர்கள் கையெழுத்துப் போடுவதற்காக ஃபைல் தூக்கிக்கொண்டு போனதுதான் என் உத்தியோகம். தோட்டத்தில் மட்டும்தான் என் பேனாவை ஆட்கள் வாய் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு படிவத்தை நான் கொஞ்சம் அலட்சியமாக, முகத்தைச் சுருக்கிக்கொண்டு நிரப்பும்போது சுற்றி நிற்கிறவர்கள் மூச்சுக்கூட விடமாட்டார்கள். அந்த ருசி எனக்குப் பழகிப்போயிருந்தது.

அவர்களில் ஒருத்தி குழாயிலிருந்து நாலாவது வீட்டுக்காரி. நாற்பதைத் தாண்டியவள், கணவன் இறந்து பல வருடம், படிக்கிற மகள் ஒருத்தி. ஓர் அரசாங்கக் காரியாலயத்தில் கூட்டித் துடைக்கும் வேலை அவளுக்கு. வேலை அரசாங்கக் கட்டடத்தில் என்றாலும் ஆளை எடுத்திருந்தது ஒரு கொந்தராத்துக்காரன். இன்றைக்கு வா என்பான், நாளைக்கு வேண்டாம் என்பான். அந்தக் காரியாலயத்திலேயே நிரந்தரமாக உதவியாளர்கள் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் விண்ணப்பப் படிவத்தைப் பத்திரிகைத்தாளில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தாள். வயதெல்லைக்கு அவளுக்கு மிச்சம் இருந்தது ஏழே மாதம். அதாவது இந்த முறை கிடைக்காவிட்டால் இனி இல்லை.

"பென்ஷன் வரும்ல அங்கிள்? நான் செத்தாலும் புள்ளைக்கு ஏதாச்சும் இருக்கும்ல?" என்று இரண்டு மூன்று தரம் கேட்டாள்.

படிவத்தை அழகான சிங்களத்தில் நிரப்பினேன். முகவரி என்ற இடத்தில் அவள் பெயருக்குக் கீழே மே/பா, அதாவது மேற்பார்வை, என்று போட்டு என் பெயரையும் எங்கள் இலக்கத்தையும் எழுதினேன். என் பெயர் இருந்தால் கடிதம் தவறாது என்று பெரிய மனிதன் மாதிரிச் சொன்னேன். "அங்கிள் கையில வந்தா பயமில்ல" என்று அவளும் சொன்னாள்.

அடுத்த இரண்டு மாதத்தில் நாங்கள் வீடு மாறினோம். மனைவிக்கு முழங்கால் வருத்தம். கொட்டாஞ்சேனை வீட்டில் படுக்கையறை மேலே, குளியலறை கீழே. மகள் வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கை ஒன்றில், லிஃப்ட் உள்ள தொடர்மாடியில் ஒரு வீட்டை எடுத்துத் தந்தாள். மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. அவளுடைய சொந்தம் பாதி வெள்ளவத்தையிலும் மீதி பாமன்கடையிலும் இருக்கிறது. என்னைக் கலியாணம் செய்து கொட்டாஞ்சேனைக்கு வந்த நாள் தொடக்கம் அவள் கண் அந்தப் பக்கம்தான்.

சாமான் ஏற்றுவதற்கு முன்னால் நான் செய்த முதல் காரியம், தபால் கந்தோருக்குப் போனது. கடிதங்களைப் புதிய முகவரிக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி ஒரு படிவம் கொடுக்க வேண்டும். எங்கள் தபால்காரரும் அங்கே நின்றார். ஹெந்தளையிலிருந்து வருகிற சிங்களவர், எங்கள் பகுதியில் சுற்றிச் சுற்றியே தமிழ் பழகியவர். நத்தாருக்கு எங்கள் வீட்டில் கேக் சாப்பிடாமல் போகமாட்டார்.

"மஹத்தயா போறது சரி, தோட்டத்துக் கடிதங்களுக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டார். பதிலையும் அவரே சொன்னார். "ஒழுங்கை வாசல்ல ஒரு பெட்டி அடிக்கச் சொல்லுங்க. நான் அதில போடுறன். அவங்க எடுப்பாங்க."

எவ்வளவு எளிமையான யோசனை. எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கூடை இல்லாமல் போவதை, ஒரு தகரப்பெட்டி என் இடத்துக்கு வருவதை என்னால் பொறுக்க முடியவில்லை. "பெட்டி சரிவராது. மழையில நனையும், சின்னப்பிள்ளைகள் எடுத்துக் கிழிக்கும். எல்லாத்தையும் எனக்கே அனுப்புங்க. நான் ஒவ்வொரு ஞாயிறும் பழைய கோவிலுக்குப் பூசைக்கு வருவன்தானே, கொண்டுவந்து குடுப்பன்" என்றேன். படிவத்தில் ஆட்களின் பெயர் எழுத விட்டிருந்த இடத்தில் 'இவ்விலக்கத்துக்கு வரும் சகல கடிதங்களும்' என்று எழுதினேன். தோட்டத்தாரிடம் ஒரு சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். அதையும் நானே எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினேன். ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. நாலாவது வீட்டுக்காரி தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதிவிட்டு, "அங்கிள் இருக்கும்போது பெட்டி எதுக்கு?" என்றாள்.

தபால்காரர் படிவத்தை வாங்கி இரண்டு தரம் பார்த்தார். "மஹத்தயா, ஷுவர்தானே?" என்றார்.

"ஷுவர்" என்றேன்.

முதல் ஐந்தாறு ஞாயிறு நான் சொன்னபடியே செய்தேன். விடியவே காலி வீதியில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் மாறி, பூசைக்குப் போய், பிறகு தோட்டத்துக்குள் நுழைவேன். குழாயடியில் கதிரை போட்டுத் தருவார்கள். நான் கடிதங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கொடுப்பேன். தேத்தண்ணி வரும். திரும்பி வரும்போது எனக்கு என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயமாக இருக்கும்.

பிறகு ஐப்பசி மழை தொடங்கியது. வெள்ளவத்தைக் கோவில் நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. மனைவியும் அங்கேயே போவோம் என்றாள். ஒரு ஞாயிறு தவறியது. அடுத்த ஞாயிறு அவளுடைய சொந்தத்தில் ஒரு பெயர்சூட்டு விழா. மூன்றாவது ஞாயிறு எனக்கு ஒரு காரணமும் இல்லை. சும்மா படுத்திருந்தேன்.

இதற்கிடையில் கீழே வாசலில் இருக்கும் செக்யூரிட்டிக்காரர் முறைப்படத் தொடங்கியிருந்தார். மலையகத்து ஆள், என் வயது இருக்கும். தொடர்மாடிக்கு வரும் கடிதங்களை எல்லாம் அவர்தான் வாங்கிப் பெட்டிகளில் பிரித்துப் போடுவார். "சேர், ஒங்க வீட்டு நம்பருக்கு எத்தன பேரு பேருல லெட்டர் வருது? வீட்ட வாடகைக்கு குடுத்திருக்கீங்களான்னு கமிட்டியில கேக்குறாங்க" என்றார். அடுத்த நாள் லிஃப்டில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. வீட்டு உரிமையாளர் அல்லாதவர்களின் பெயரில் வரும் கடிதங்கள் இனிப் பொறுப்பேற்கப்படமாட்டா. பெயர் குறிப்பிடவில்லை. ஆனால் லிஃப்டில் என்னோடு ஏறியவர்கள் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்த மாதிரி எனக்குப் பட்டது.

நான் செக்யூரிட்டிக்காரரிடம் போனேன். நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கலாம். இவர்கள் என் பழைய அயலவர்கள், இவர்கள் கடிதத்துக்கு நான் பொறுப்பு ஏற்றிருக்கிறேன் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சொன்னால் தோட்டம் என்ற சொல்லைச் சொல்ல வேண்டும். அந்த ஏசி போட்ட வாசலில், பளிங்குத் தரையில் நின்றுகொண்டு அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை.

"அதெல்லாம் எங்கட வீட்டில முந்தி வேலை செய்த ஆக்கள்" என்றேன். "பாவங்கள், அட்ரஸ் இல்லாததுகள். கொஞ்ச நாளைக்கு வாங்கி வையுங்க."

அவர் உடனே சமாதானமாகிவிட்டார். பழைய வேலையாட்களையும் கைவிடாத நல்ல மனிதர் என்று என்மேல் அவருக்கு மரியாதைகூட வந்தது. அதற்குப் பிறகு தோட்டத்துக் கடிதங்களை அவர் ரப்பர் வளையம் போட்டுத் தனியாகத் தருவார். நான் அதை மேலே கொண்டுபோய், சப்பாத்து அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த ஒரு புடவைக்கடைப் பைக்குள் பார்க்காமலே போடுவேன். அந்தப் பையைப் பார்த்தாலே எரிச்சல் வரும். எரிச்சல் என் மேல்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு அந்தச் சனத்தின் மேல் வந்தது. இவர்களுக்கென்று ஒரு பெட்டி அடிக்கத் தெரியாதா என்று, பெட்டி வேண்டாம் என்று சொன்னவனே நினைத்தேன்.

அப்படியான ஒரு நாளில்தான் நாலாவது வீட்டுக்காரியின் ஃபோன் வந்தது. பின்னேரம், நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், எனக்கு லெட்டர் ஏதும் வந்திச்சுங்களா? எங்க ஆபிசுல எல்லாருக்கும் இன்டவியூ லெட்டர் வருதாம்."

பை எனக்கு எட்டடி தூரத்தில் தொங்கியது. எழும்பிப் போய்ப் பார்க்கலாம். "பொறு பிள்ள, பாத்திட்டுச் சொல்லுறன்" என்றால், அப்படியென்றால் இவ்வளவு நாளும் பார்க்கவில்லையா என்று அவள் நினைப்பாள் என்று தோன்றியது.

"இல்ல பிள்ள, ஒண்டும் வரல்ல. வந்தா நான் சொல்லாம இருப்பனா?" என்றேன்.

"அதானே அங்கிள். ஆண்ட்டி கால் எப்பிடி இருக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

ஐந்தாறு நாள் கழித்து மறுபடியும் எடுத்தாள். இந்த முறை குரலில் ஒரு பதற்றம். கடிதம் இல்லாதவர்களை நேர்முகப் பரீட்சைக்கு எடுக்கமாட்டார்களாம். நானும் மறுபடியும் அதையே சொன்னேன். முதல் தரம் சோம்பலில் சொன்னது. இரண்டாம் தரம், முதல் தரம் சொன்னதைக் காப்பாற்றச் சொன்னது. அவள் ஃபோனை வைத்த பிறகாவது நான் அந்தப் பையைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அதற்குள் ஏதாவது இருந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பார்க்கவில்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

நத்தாருக்கு வீடு துப்புரவாக்கும்போது மனைவி பையை எடுத்து மேசையில் கொட்டினாள். "ஏனப்பா, இதெல்லாம் எத்தினை நாளா இதுக்குள்ள கிடக்குது? குடுக்கேல்லையே நீங்கள்?"

பதினாலு கடிதங்கள். மேலாகவே கிடந்தது அந்த நீள மண்ணிற உறை, மூலையில் அரச பணி என்று அச்சடித்தபடி. அவள் பெயர், அதற்குக் கீழே மே/பா, அதற்குக் கீழே என் பெயர். தபால் முத்திரையின் தேதியைப் பார்த்தேன். அவள் முதல் தரம் ஃபோன் எடுத்ததற்கு நாலு நாள் முந்தியது. அவளுடைய கடிதத்தை நான் முந்தியும் உடைத்து வாசித்திருக்கிறேன், அவள் பக்கத்தில் நிற்க. அன்றைக்கு அவள் இல்லாமல் உடைத்தேன். நேர்முகப் பரீட்சை நடந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டாள். நான் இருக்கவில்லை. கடிதத்தை மறுபடியும் உறைக்குள் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு வரைக்கும் நான் காத்திருந்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும். அன்றைக்கே ஓடியிருக்கலாம், ஓடவில்லை. நாலு நாளும் நான் செய்தது, உறையைக் கோந்து வைத்து ஒட்டியதும் ஒரு கதையைச் சோடித்ததும்தான். கடிதம் நேற்றுத்தான் வந்தது, எங்கேயோ சுற்றி வந்திருக்கிறது, இந்தக் காலத் தபாலை நம்ப முடியாது. பஸ்ஸில் போகும்போது அதை மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். புறக்கோட்டை வருவதற்குள் அது எனக்கே உண்மை மாதிரி இருந்தது.

தோட்டத்தில் என்னைக் கண்டதும் குழாயடியில் இருந்தவர்கள் எழும்பினார்கள். "அங்கிள் வந்துட்டாரு, நல்ல நேரத்துல வந்துட்டாரு" என்று யாரோ உள்ளே கூப்பிட்டார்கள். கதிரை வந்தது. நாலாவது வீட்டுக்காரி ஃபுல்ஸ்கேப் தாளும் பேனாவும் கொண்டு வந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"இன்டவியூ முடிஞ்சி போச்சு அங்கிள். லெட்டர் எல்லாருக்கும் போட்டிருக்காங்க, எனக்கும் போட்டிருக்காங்க. போட்ட தேதிய ஆபிசுல புத்தகத்துல காட்டினாங்க. இந்தத் தபால்காரன்தான் தொலைச்சிட்டான். கேட்டா பொய் சொல்றான் அங்கிள், ஒங்களுக்கு அனுப்பிட்டேன்னு சத்தியம் பண்றான். நான் விடல்ல. ஒழுங்கை வாசல்ல வச்சே கேட்டேன், அங்கிள்கிட்ட வந்திருந்தா அந்த நிமிஷமே பஸ் ஏறிக் கொண்டுவந்திருப்பாரே, நான் ரெண்டு வாட்டி ஃபோன் பண்ணிக் கேட்டேனேன்னு. வாயில வந்ததெல்லாம் சொல்லிட்டேன்." தாளை என் மடியில் வைத்தாள். "பெரிய தபால் கந்தோருக்கு ஒரு பெட்டிஷன் எழுதுங்க. சிங்களத்துல, நல்லா உறைக்கிற மாதிரி எழுதுங்க. நாங்க எல்லாம் கையெழுத்துப் போடுறோம்."

நான் சோடித்துக்கொண்டு வந்த கதைக்கு அவள் வாசலைத் திறந்து, வரவேற்று, கதிரையும் போட்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும், தபால்காரர் தலையில் எல்லாம் போய்விடும்.

நான் எழுதத் தொடங்கினேன். ஆம், தொடங்கினேன். தேதி போட்டேன். பெறுநரை எழுதினேன். மேலே குறிப்பிட்ட முகவரியில் வசிக்கும் நாங்கள், என்று ஒரு வரியும் எழுதினேன். சுற்றி நின்றவர்கள் வழக்கம் போல மூச்சு விடாமல் பார்த்தார்கள். இரண்டாவது வரியில் தபால்காரர் என்ற சொல்லை எழுதி, வெட்டி, மறுபடியும் எழுதி, மறுபடியும் வெட்டினேன். எனக்கு அந்த நேரத்தில் நல்ல மனம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். வெட்டி வெட்டி எழுதியதை அவள் பார்த்துவிட்டாள், அவ்வளவுதான்.

"என்ன அங்கிள், சுகமில்லயா?"

பைக்குள் கையை விட்டு அந்த உறையை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

அவள் முதலில் சந்தோஷப்பட்டாள். அதை நான் பார்த்தேன், அதை மறக்க எனக்கு ஒரு வழியும் இல்லை. கிடைத்துவிட்டது என்று ஒரு கணம் முகம் மலர்ந்தது. பிறகு முத்திரையைத் திருப்பிப் பார்த்தாள். தேதி வாசிக்க அவளுக்கு என் உதவி தேவையில்லை.

"நான் ஃபோன் பண்ணினப்போ இது வீட்டுல இருந்திச்சா அங்கிள்?"

"ஓம்."

"ரெண்டு வாட்டியும்?"

"ஓம் பிள்ள. நான் பாக்கல்ல. பாக்காமத்தான் இல்லயெண்டு சொன்னன்."

குழாயில் யாரோ வைத்த வாளி நிரம்பி வழிந்தது. ஒருவரும் போய் மூடவில்லை. அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னாள்.

"அந்த மனுஷன நாலு பேருக்கு முன்னால கள்ளன்னு சொல்லிட்டேனேடி. அவரு சத்தியம் பண்ணியும் நான் நம்பல்ல."

அந்த வெட்கம் நான் படவேண்டியது. அதையும் அவளே எடுத்துக்கொண்டாள். என் மடியில் இருந்த தாளை ஒருவரும் கேட்கவில்லை. நான் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழும்பினேன்.

திங்கட்கிழமை அவளோடு அந்தக் காரியாலயத்துக்குப் போனேன். பிழை என்னுடையது என்று ஒரு கடிதம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன், என் வாழ்க்கையில் எழுதிய சிங்களத்தில் அதுதான் திறமானது. அதிகாரி மரியாதையாகவே கதைத்தார். தெரிவுப் பட்டியல் மேலே போய்விட்டது என்றார். அடுத்த முறை விண்ணப்பிக்கச் சொன்னார். பிறகு அவளுடைய பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு ஃபைலை மூடினார். வெளியே வந்ததும், "பரவால்ல அங்கிள், நீங்க போங்க, நான் மாடி கூட்டணும்" என்றாள். நாங்கள் நின்றது அவள் கூட்டுகிற கட்டடத்தின் படியில்தான்.

அங்கிருந்து தபால் கந்தோருக்குப் போனேன். அவள் விடியவே வந்து தபால்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டபோது அவர் என் முகத்தைப் பார்க்காமல் கட்டுக்கட்டாகக் கடிதம் அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு புதுப் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இந்த முறை பேர எழுதுங்க மஹத்தயா. போன ஆக்கள்ட பேர மட்டும்."

என் பெயரையும் மனைவியின் பெயரையும் எழுதினேன். அந்த வாரமே தோட்டத்தார் ஒழுங்கை வாசலில் நீல நிறத்தில் ஒரு தகரப்பெட்டி அடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். சாவி நாலாவது வீட்டுக்காரியிடம். நத்தாருக்குக் கேக் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார்கள். தேத்தண்ணியும் தந்தார்கள். ஒருவரும் ஒரு தாளும் கொண்டுவந்து நீட்டவில்லை.

தை மாதம் அவளுடைய வயதெல்லை முடிந்தது. அதை என் கலண்டரில் நான் குறித்து வைத்திருந்தேன், ஏனென்று தெரியவில்லை.

அதற்குச் சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, நல்ல மழை. சந்தைக்குப் போய் இரண்டு மணி போல் திரும்பி வந்தேன். செக்யூரிட்டிக்காரர் ஓர் உறையை நீட்டினார். கனடா முத்திரை. பேத்தியின் கோணல் எழுத்து. தாத்தாவுக்கும் அம்மம்மாவுக்கும் என்று மட்டும் எழுதி, அவளுக்குத் தெரிந்த எங்கள் பழைய இலக்கத்தைப் போட்டிருந்தாள். எங்கள் பெயர் இல்லாததால் தபால்காரர் அதை நீலப்பெட்டியில் போட்டிருக்கிறார்.

"ஒங்க பழைய வேலக்காரம்மா கொண்டுவந்து குடுத்தாங்க சேர். இன்னைக்கு பன்னெண்டு மணிக்குத்தான் பெட்டியில விழுந்திச்சாம். வெளிநாட்டு லெட்டர், அவசரமா இருக்கும்னு ஒடனே பஸ் ஏறி வந்தாங்களாம். முழுக்க நனைஞ்சிட்டாங்க. மேல போங்கன்னு சொன்னேன், மாட்டேன்னுட்டாங்க."

"யார் சொன்னது வேலைக்காரி எண்டு?"

"நீங்கதானே சேர் சொன்னீங்க." அவருக்குப் புரியவில்லை. "நான் அவங்ககிட்டயும் கேட்டேன், சேர் வீட்டுல முந்தி வேல செஞ்சவங்கதானே, சேர் ஒங்களப் பத்தி சொல்லியிருக்காருன்னு."

"அவ என்ன சொன்னா?"

"லெட்டர கையால தொடச்சி என்கிட்ட குடுத்தாங்க. அப்புறம் ஆமாங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

வருகிறவர்களைப் பதியும் புத்தகம் மேசையில் திறந்தே கிடந்தது. அவள் பெயர், அவளே எழுத்துக் கூட்டி எழுதியது. அதற்கு நேரே, உறவு என்ற கட்டத்தில், செக்யூரிட்டிக்காரரின் கையெழுத்தில் 'முன்னாள் வேலையாள்' என்று இருந்தது.

அவரிடம் பேனாவை வாங்கி அதை வெட்டினேன். அந்தக் கட்டத்தில் வேறு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். வெளியே ஒரு கார் ஹோர்ன் அடித்தது. "சேர், நம்பர் எழுதணும், புத்தகத்த குடுங்க" என்றார் அவர். கட்டத்தை அப்படியே விட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன்.